தட்டின் என் பக்கம்

பன்னிரண்டு கிலோ. டாக்டர் கேட்டது அவ்வளவுதான்.

"உங்க கிட்னி அவருக்குப் பொருந்துதும்மா. பிளட் குரூப் ஒண்ணு, மத்த டெஸ்ட்டெல்லாம் பரவாயில்ல. ஆனா இந்த எடையில உங்களை ஆபரேஷன் டேபிள்ல ஏத்த மாட்டேன். பன்னிரண்டு கிலோ குறைச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். என்னவோ முக்குக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வரச் சொல்கிற மாதிரி. நான் தலையாட்டினேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். அன்றைக்கு நான் எண்பத்திரண்டு கிலோ.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு அவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். முதலில் திங்கள், புதன், வெள்ளி என்று கொடுத்தார்கள். ஜும்மா தொழுகை போய்விடும் என்று கெஞ்சிக் கேட்டு செவ்வாய், வியாழன், சனியாக மாற்றிக்கொண்டோம். சென்னீர்குப்பத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. அவரைப் படிப்படியாக இறக்கி, ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, மெட்ரோ தூண்களுக்குக் கீழே ஊர்ந்து ஊர்ந்து காட்டுப்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் எனக்கே யாராவது ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தேவலை என்றிருக்கும். அங்கே நான்கு மணி நேரம் மெஷின் அவர் ரத்தத்தைக் கழுவும். நான் வராந்தாவில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பேன். அந்த நாற்காலியின் இரண்டு கைகளுக்கு நடுவில் என் இடுப்பு அடங்காது. பக்கவாட்டில் திரும்பித்தான் உட்கார முடியும்.

மீதி நாட்களில் அவர் பூந்தமல்லி கடைத்தெருவில் இருக்கும் எங்கள் கடைக்குப் போவார். லைனிங் துணியும் நூல்கண்டும் விற்கிற சின்னக் கடை. காலையில் நான் போய்த் திறந்து கூட்டிப் பெருக்கி வைத்தால்தான் அவர் வந்து உட்கார முடியும். நடுவில் சமையல், துணி, மாத்திரை, ரிப்போர்ட். இதில் பன்னிரண்டு கிலோவை எங்கே போய்த் தொலைப்பது?

ஆவடியில் காலேஜில் படிக்கிற மகள்தான் போனில் அந்த ஏஐயை வைத்துக் கொடுத்தாள். "டயட்டீஷியன்கிட்ட போறதுக்கு ஒனக்கு நேரம் ஏதும்மா? இதுகிட்ட கேளு. வாயாலயே பேசலாம், தமிழ்லயே பதில் சொல்லும்" என்றாள். நான் ஏதோ ரோபோ மாதிரி கரகரவென்று பேசும் என்று நினைத்திருந்தேன். செய்தி வாசிக்கிறவர்களின் தமிழில், பெண் குரலில் பேசியது. "நீங்கள் மிகச் சிறப்பான முடிவை எடுத்திருக்கிறீர்கள்!" என்று எடுத்த எடுப்பிலேயே பாராட்டியது. "நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலியே" என்றேன். அதற்கும் என் நேர்மையைப் பாராட்டியது.

காலைக்கு ஓட்ஸும் அவகேடோவும் என்றது. பூந்தமல்லி மார்க்கெட்டில் போய் நான் அவகேடோ கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இட்லிக்கு வந்தது. எத்தனை சாப்பிடுவீர்கள் என்றது. ஐந்து என்றேன். இரண்டு என்றது. பேரம் பேசி மூன்றில் வந்து நின்றோம். கல்யாண வீட்டு பிரியாணிக்குப் போகலாமா, பசித்தால் பொரிகடலை தின்னலாமா, முழங்கால் வலிக்கிற அன்று நடக்கலாமா, எல்லாவற்றையும் அதனிடமே கேட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது புத்திசாலி என்பதற்காகக் கேட்கவில்லை. வீட்டில் எல்லா முடிவையும் நானே எடுத்து எடுத்து அலுத்துப்போயிருந்தேன். எந்த டாக்டர், எந்த மாத்திரை, இன்றைக்குக் கடை உண்டா இல்லையா, எல்லாம் நான். இந்த ஒன்றையாவது வேறு யாராவது சொல்லட்டும் என்றிருந்தது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், நானும் அவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்.

நான் பிறந்தது தெற்கே கடற்கரை ஊர். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் விருந்து என்றால் சஹன்தான். ஒரு பெரிய தட்டில் சோற்றைப் பரப்பி, மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். எதிரில் இருப்பவர் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று பார்ப்பது மரியாதையில்லை. நல்ல கறித்துண்டு உன் பக்கம் கிடந்தால் அடுத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டும், தள்ளி வந்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. கல்யாணத்தன்று எங்களை ஒரு சஹனில் உட்காரவைத்தபோது, "என் தட்டு எங்க?" என்று கேட்டு என் அண்ணன்மாரைச் சிரிக்கவைத்தவர் அவர். பிறகு அவருக்கே அது பிடித்துப்போயிற்று. இருபத்திரண்டு வருஷமாக மதியமும் இரவும் எங்கள் இருவருக்கும் ஒரே தட்டுதான்.

நோய் வந்த பிறகும் நான் அதை மாற்றவில்லை. அவருக்கு உப்பு குறைவாகப் போட வேண்டும், காயை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். இரண்டு சமையல் செய்ய எனக்குத் தெம்பில்லை. அந்தச் சப்பென்ற காயையே நானும் தின்றேன். உட்காரும் முன் தட்டைப் படம் எடுத்து ஏஐக்கு அனுப்புவேன். "இதில் உங்கள் பங்கு எவ்வளவு?" என்று கேட்கும். "பாதி" என்பேன். அது பாதியைக் குறித்துக்கொள்ளும்.

முதல் மாதம் இரண்டு கிலோ இறங்கியது. நான் தரையில் நிற்கவில்லை. அடுத்த மாதம் அரை கிலோ. மூன்றாவது மாதம் முள் அசையவே இல்லை. மொட்டை மாடியில் காலையில் ஐம்பது சுற்று, சாயங்காலம் ஐம்பது சுற்று நடந்தேன். கீழ்வீட்டுக்காரம்மா தலைக்கு மேல் இடி இடிக்கிறது என்று புகார் சொன்னாள். டீயில் சர்க்கரை போச்சு, பிறகு டீயே போச்சு. "நீங்கள் சொல்லும் அளவுகளின்படி எடை குறைந்திருக்க வேண்டும். தைராய்டு பரிசோதனை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்" என்றது போன். கேட்டேன், ரத்தம் கொடுத்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் சோற்றை இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்றது. குறைத்து வடித்தேன். நான்காவது மாதமும் முள் அங்கேயே நின்றது.

ஒரு நாள் எடை பார்க்கும் மெஷின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் வந்து தோளைத் தொட்டார். "உன் ஒடம்பு வாகே அப்டிமே. இன்னாத்துக்கு உன்னையே போட்டு வதைச்சிக்கினு கீற? உடு" என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் நோயாளியை நிறுத்தி எடை பார்ப்பார்கள், உடம்பில் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று தெரிவதற்காக. அன்று எடை பார்த்த டெக்னீஷியன் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, பாய்க்கு வெயிட் எறங்கிகினே போவுது. தண்ணி இல்லக்கா, ஒடம்பே கரையுது. ஊட்ல ஒழுங்கா துன்றாரா இல்லியா?"

எனக்குச் சுருக்கென்றது. "என் தட்டுலதாம்மா சாப்பிடுறாரு. எனக்குத் தெரியாதா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்து நீல நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்தேன்.

கோபம் ஆறவில்லை. பேசுவதற்கு வேறு ஆள் இல்லாததால் போனிடம் கொட்டினேன். "நான் நாலு மாசமா வயித்தைக் கட்டுறேன், எனக்கு ஒரு கிலோ இறங்க மாட்டேங்குது. அவரு சும்மா இருக்காரு, அவருக்கு இறங்குது. இது என்ன நியாயம்?"

அது கேட்டது: "நீங்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் உங்கள் பங்கு பாதி என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. இருபத்திரண்டு வருஷத்துக் குடித்தனத்தில் யாரும் கேட்காத கேள்வி. "ரெண்டு பேர் சாப்பிட்டா ஆளுக்குப் பாதிதான். இதுல தெரியுறதுக்கு என்ன இருக்கு?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். எதிர் நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். அது கோபித்துக்கொள்ளவில்லை. அதுவரை நான் சொன்ன பாதியைத் தானும் சரிபார்க்காமல் நம்பிவிட்டதாகச் சொன்னது. ஒரு வாரத்துக்குத் தனித்தனித் தட்டில் சாப்பிட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டது. அவர் எடை குறைவதை அன்றே அவருடைய டாக்டரிடம் சொல்லச் சொன்னது.

டாக்டரிடம் சொன்னேன். தட்டு விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. என் பக்கம் வந்தது என் சோறு. அப்படித்தான் எனக்குப் பழக்கியிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன வேலை என்று நினைத்துக்கொண்டு, முன்னால் இருப்பதைத் தின்றுவிட்டு எழுந்துகொண்டிருந்தேன். அவர் பக்கம் நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் மதியம் அவர் கடையிலிருந்து வந்தபோது இரண்டு தட்டு வைத்திருந்தேன். மகள் காலேஜுக்குப் போயிருந்தாள்.

"இன்னாது இது?" என்றார்.

"ஒரு வாரத்துக்குத்தான். போன் சொல்லிச்சு."

"போன் சொல்லிச்சா? நாளிக்கு அது ஊட்ட உட்டுப் போன்னு சொல்லும். போய்டுவியா?"

"சாப்பிடுங்க" என்றேன்.

உட்கார்ந்தார். நான்கு வாய் சாப்பிட்டார். ஐந்தாவது உருண்டையை உருட்டி, பழக்க தோஷத்தில் தட்டின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார். அங்கே நான் இல்லை. தட்டின் விளிம்புதான் இருந்தது. விரல்கள் அங்கேயே நின்றன. அந்த உருண்டையை மறுபடி உடைத்தார், பிசைந்தார், பரப்பினார், கூட்டினார். நான் என் தட்டில் இருந்ததை முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது. டாக்டர் அவரைத் தினமும் சாப்பிடச் சொல்லியிருந்த முட்டையின் வெள்ளைக் கரு இரண்டும் அப்படியே இருந்தன. அந்த வெள்ளைக் கருவைத் தினமும் என் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். பாசத்தில் தள்ளுகிறார் என்று நினைத்துத் தின்றிருக்கிறேன்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"உங்களைத்தான் கேக்குறேன். எத்தனை நாளா இப்படித் தள்ளுறீங்க?"

"டாக்டர் பன்னெண்டு கிலோன்னு சொன்னாரே, அன்னிலேர்ந்து" என்றார்.

பசியில்லாமல் தள்ளியிருந்தால் நான் புரிந்துகொண்டிருப்பேன். அவர் அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. தலையைத் தூக்காமல் பேசினார். "நீ எளைக்கலேன்னா உன்ன வேணாம்னு அனுப்ச்சிடுவாங்க. அதான். உன்ன அங்க படுக்க வெச்சிக் கீறுவாங்கன்னு நெனச்சாலே எனக்கு ஈரக்கொல நடுங்குது. எனக்குப் போனாப் போவுது. உனக்கு எதுனா ஆயிடுச்சின்னா அந்தப் புள்ளிக்கு யார் கீறா?"

இந்த இடத்தில் நான் உருகிப்போனேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உருகவில்லை. எனக்கு வந்தது ஆத்திரம். எச்சில் கையை ஓங்கித் தரையில் அடித்தேன்.

"நாலு மாசம்! சப்புன்னு கத்திரிக்காயைத் தின்னுக்கிட்டு மாடியில செக்கு மாடு மாதிரி சுத்தினேனே! ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்களே! என் உடம்புலதான் கோளாறுன்னு அழுதேனே, அப்பவும் வாயைத் திறந்தீங்களா? நல்லவராட்டம் தோளை வேற தொட்டீங்க!"

நான் நிறுத்தவில்லை. அதுவரை வெளியே சொல்லாத ஒன்று அப்போது வாயில் வந்துவிட்டது.

"நான் ஒங்களுக்காகத் தர்றேன்னு நினைச்சீங்களா? எனக்காகத் தர்றேன். என்னால முடியலங்க. அந்தப் படிக்கட்டு முடியல, அந்த பஸ் முடியல, அந்த நாற்காலி முடியல. வாரத்துக்கு மூணு நாள் ஒங்க கையில அந்த ஊசி ஏர்றதைப் பாக்க முடியல. எனக்கு ஒரு செவ்வாக்கிழமை வேணும். ஒரு வேலையும் இல்லாம, எங்கயும் போகாம, மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்துக் கிடக்க ஒரு செவ்வாக்கிழமை. அதுக்குத்தான் தர்றேன்!"

சொல்லிவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவினேன். திரும்பி வந்தபோது அவர் தட்டின் முன்னால் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். கண்ணீர் சோற்றில் விழுந்துகொண்டிருந்தது. உப்பு சேரக் கூடாத சோறு. அதைக்கூட அப்போது நினைத்தேன், என்னைச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். நடக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து போனிடம் நடந்ததைச் சொன்னேன். "கண்டுபிடிச்சிட்ட. சந்தோஷமா?" என்றும் கேட்டேன். இது எனக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்று என்னவோ சொன்னது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதற்குப் பிறகு அது கேட்டது வேறு.

"உங்கள் கணவரின் விருப்பம் தெரிந்துவிட்டது. சிறுநீரகம் கொடுக்க நீங்கள் விரும்புகிறீர்களா? வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவமனையில் இதைப் பற்றி உங்களிடம் மட்டும் தனியாகப் பேச ஆள் இருப்பார்கள்."

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. டாக்டர் எடையைக் கேட்டார். மகள் இன்றைக்கு எத்தனை கிலோ என்று கேட்பாள். சொந்தக்காரர்கள் எப்போது ஆபரேஷன் என்று கேட்டார்கள். நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பெண்டாட்டி இருக்கிறாள், கிட்னி இருக்கிறது, பொருந்துகிறது, முடிந்தது பேச்சு. கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"வேணும். குடுக்கணும்" என்றேன் கடைசியில். "பயமாவும் இருக்கு." இந்த இரண்டாவதையும் நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த தடவை டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். நானே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் அவரை அரை மணி நேரம் உட்காரவைத்து, ஒற்றைக் கிட்னியுடன் மனுஷி எப்படி இருப்பாள், எதெது ஆபத்து, எதை எப்படிக் கவனிப்பார்கள் என்று மறைக்காமல் விளக்கினார். சாப்பிடாமல் இருந்தால் அவர் உடம்பே ஆபரேஷனைத் தாங்காமல் போகும் என்றும் சொன்னார். அவர் எதிர்த்துப் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது மட்டும், "நீ சொன்னியே, செவ்வாக்கெயமன்னு. அது நெசமா?" என்று கேட்டார். "நிஜம்தான்" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் இரண்டு தட்டு தொடர்ந்தது. அவர் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து, காலியாகும் வரை நான் கண் எடுக்காமல் பார்ப்பேன். மரியாதையாவது ஒன்றாவது. பாதி என்று நினைத்து அதுவரை நான் தின்றது முக்காலுக்கும் மேல் என்று போனின் உதவியோடு பிறகுதான் புரிந்தது. சரியான பாதியைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு முதல் இரண்டு வாரம் பசி உயிரை எடுத்தது. எரிந்து எரிந்து விழுந்தேன். கொஞ்சம் மெதுவாகப் போகலாம் என்று போனே சொல்ல வேண்டியிருந்தது. பிறகு முள் இறங்கியது. மாதத்துக்கு இரண்டு, சில மாதம் ஒன்றரை. அவருக்கு ஏறியது. ஒரு சனிக்கிழமை அந்த நீல நாற்காலியில் நான் நேராக உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். பெரிதாகச் சந்தோஷம் வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

எழுபதைத் தொட்ட அன்று தேதி கொடுத்தார்கள். அனுமதி கொடுக்கிற குழுவின் முன்னால் நிறுத்தி, "யாரும் கட்டாயப்படுத்தலியே?" என்று கேட்டார்கள். போன் முன்பே கேட்டிருந்த கேள்வி. இல்லை என்றேன்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின மதியம். இனிமேல் குறைக்க ஒன்றுமில்லை, அவரும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். நான் பழையபடி ஒரே தட்டில் சோற்றைப் போட்டு நடுவில் வைத்தேன். அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். எனக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன்.

அவர் தட்டைப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தவர் உட்காரவில்லை. சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த இன்னொரு தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"இன்னிக்கு மட்டும் ஒண்ணாச் சாப்பிடலாமே" என்றேன்.

"வாணாம்மே" என்றார். "ஒரே தட்டுன்னா என் கை மறுக்காவும் தள்ளும். எனக்கு இன்னும் பயம் போவல."

சோற்றை அவரே பிரித்தார். தன் தட்டில் கூடுதலாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.